‘ஒன்னும் இல்லம்மா’ என்று சொல்லும் அப்பாக்கள்

வானொலி வேலையில் மன்னிக்கவே முடியாத ஒரு குற்றம் உண்டு. பாட்டு முடிந்து, அறிவிப்பாளர் பேசத் தொடங்காமல், சில விநாடிகள் எந்தச் சத்தமும் இல்லாமல் போவது. ‘டெட் ஏர்’ என்போம். காரில் கேட்டுக்கொண்டிருப்பவர் ரேடியோ கெட்டுப்போச்சோ என்று தட்டிப் பார்ப்பார். மேலதிகாரி உடனே போன் பண்ணுவார். அந்த மௌனம் வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் பதினோரு வருடமாக எனக்குச் சம்பளம்.

ஆனால் பினாங்கில் என் சொந்த வீட்டில் எட்டு மாதம் ஒரு மௌனம் ஓடிக்கொண்டிருந்தது. அது என் காதில் விழவே இல்லை.

அப்பாவுக்கு 64 வயது. முப்பது வருடம் பெர்ரியில் வேலை பார்த்தவர். பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் எத்தனை ஆயிரம் முறை போய் வந்திருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. உடம்புக்கு என்ன என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: “ஒன்னும் இல்லம்மா.”

மலம் கழிக்கும்போது இரத்தம் வந்திருக்கிறது. மூலமாக இருக்கும் என்று அவரே முடிவு செய்து, மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவியிருக்கிறார். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. “இதைப் போயி எப்படிச் சொல்றது?” என்று பிறகு கேட்டார். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஒரே மூச்சில் ஏறுகிறவர், போன வருடம் பாதியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் என்றார். நாங்களும் வெயில் என்றே நம்பினோம். அம்மா வற்புறுத்தி கிளினிக்குக்கு அழைத்துப் போனபோது இரத்தத்தின் அளவு பாதியாக இறங்கியிருந்தது. அடுத்து கொலோனோஸ்கோப்பி. பெருங்குடலில் கட்டி. புற்றுநோய்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மலேசிய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்குத்தான். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால், இந்த நோயாளிகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் மூன்றாவது அல்லது நான்காவது கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் ஒரு ‘ஒன்னும் இல்லம்மா’ இருக்கிறது போலிருக்கிறது.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அது பிறந்ததற்குக் காரணமும் இதே நோய்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அக்கா டாக்டர், ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. இன்று நாம் கீமோ என்று சொல்லும் மருந்து எதுவும் அன்று இல்லை. அந்த வேதனையை மனத்தில் வைத்துக்கொண்டே முத்துலட்சுமி பல ஆண்டுகள் அலைந்து, 1954-இல் அடையாறு மருத்துவமனையைத் திறந்து வைத்தார். தங்கை போய் 31 வருடம் கழித்து.

எங்கள் கதைக்கு வருகிறேன். அப்பாவுக்கு செப்டம்பரில் அறுவை சிகிச்சை. கட்டி இருந்த குடல் பகுதியை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் இணைத்தார்கள். வெளியே வந்த சர்ஜன், “கட்டியை முழுசா எடுத்தாச்சு” என்றார். அம்மா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டார். தம்பி எல்லோருக்கும் வாட்ஸ்அப் அனுப்பினான். முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

இரண்டு வாரம் கழித்து ஆய்வுக்கூட அறிக்கை வந்தது. குடலோடு சேர்த்து எடுத்த நிணநீர் முடிச்சுகளில் 19-ஐப் பரிசோதித்திருந்தார்கள். நான்கில் புற்றுநோய் இருந்தது. கல்லீரல், நுரையீரல் இரண்டும் ஸ்கேனில் சுத்தமாக இருந்தன. அதாவது மூன்றாவது கட்டம். ஆறு மாதம் கீமோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் புற்றுநோய் டாக்டர்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “முழுசா எடுத்தாச்சுன்னு சொன்னாரே? அப்புறம் எதுக்கு மருந்து?”

அந்த அறையில் எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி அதுதான். கேட்கத் துணிந்தவர் அவர் ஒருவர். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்துவிட்டார்கள், அது உண்மை. ஆனால் நோய் முடிச்சுகள் வரை போயிருக்கிறது என்றால், கட்டியை விட்டுக் கிளம்பத் தெரிந்த செல்கள் அதில் இருந்திருக்கின்றன. சில செல்கள் இரத்தத்தோடு வேறெங்காவது போய் ஒளிந்திருக்கலாம். எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவு சிறியவை. கீமோ அவற்றைத் தேடிப் போகிற மருந்து.

அப்பா சிறுவயதில் ஸ்பிராங் பிறை பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “லாலாங் மாதிரியா?” என்றார். மேலே வெட்டினால் தரை சுத்தமாகத் தெரியும். அடியில் ஒரு துண்டு வேர் இருந்தால் மழைக்குப் பிறகு மறுபடி வந்து நிற்கும். டாக்டர் சிரித்து, “அதேதான்” என்றார்.

அந்த மருந்துகளின் கதையைப் பிறகு தேடிப் படித்தேன். அடிப்படை மருந்தான ஃபுளூரோயுராசிலை 1957-இல் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதைக் கொடுப்பதால் உண்மையில் பயன் உண்டு என்று உறுதியாகத் தெரிய 1990 வரை ஆனது. முடிச்சுகளுக்குப் பரவிய நோயாளிகளுக்கு அதை லெவாமிசோல் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோய் திரும்பி வரும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு குறைந்தது. பிறகு ஜப்பானில் பிறந்த ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்தது. பெயரில் இருப்பதுபோல் அதற்குள் பிளாட்டினம் இருக்கிறது. 2,246 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. பழைய மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 73 பேர் மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தார்கள். ஆக்ஸாலிபிளாட்டினையும் சேர்த்து எடுத்தவர்களில் 78 பேர்.

நூற்றுக்கு ஐந்து பேர் கூடுதல். இதை அப்பாவிடம் படித்துக் காட்டியது நான்தான். என்ன செய்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

சுங்கை பட்டாணியிலிருந்து வந்த அத்தை, கீமோ வேண்டாம் என்றார். தெரிந்தவர் ஒருவர் பெலாலாய் காஜா இலையை அரைத்துக் குடித்துக் குணமானாராம். ஒரு கட்டு இலையும் கொண்டு வந்திருந்தார். பாசத்தில் கொண்டு வந்தது, தூக்கிப் போட மனம் வருமா? அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவமனை மருந்தாளுநரிடம் போனார். அவர் கோபப்படவில்லை. “சிகிச்சை முடியும் வரை வேண்டாம். எது சாப்பிட்டாலும், விட்டமின் மாத்திரையாக இருந்தாலும், எங்களிடம் சொல்லிவிடுங்கள்” என்றார். இந்தச் சிகிச்சையில் கொடுக்கும் மாத்திரையோடு ஃபோலிக் ஆசிட் சேர்ந்தால் பக்கவிளைவு கூடலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை.

தீபாவளி முடியட்டும் என்று அப்பா கேட்டார். அறுவை சிகிச்சை முடிந்து எட்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது என்பதால், டாக்டர் நாள்களை எண்ணிப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டார். முறுக்கு டின் காலியாவதற்குள் முதல் ஊசி.

மூன்று வாரம் ஒரு சுற்று. முதல் நாள் இரண்டு மணி நேரம் ஆக்ஸாலிபிளாட்டின் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏறும். அன்றிலிருந்து 14 நாள், காலையும் இரவும் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் கெப்பாசிட்டபின் மாத்திரை. உடம்புக்குள் போய் அந்தப் பழைய ஃபுளூரோயுராசிலாக மாறுவது அது. பிறகு ஏழு நாள் ஓய்வு. இப்படி எட்டுச் சுற்று.

கீமோ என்றதும் நாம் சினிமாவில் பார்த்த மொட்டைத் தலைதான் நினைவுக்கு வரும். இந்த மருந்துகளில் முடி கொஞ்சம் மெலியும், பெரும்பாலும் முழுசாகக் கொட்டாது. “உங்கப்பா நல்லாத்தானே இருக்காரு” என்று பக்கத்து வீட்டு ஆண்ட்டி கேட்டார். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை.

ஆனால் குளிர். அதை யாரும் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கவில்லை. முதல் ஊசி போட்ட மறுநாள், ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தவர் ‘கரண்ட் அடிச்ச மாதிரி’ கீழே போட்டுவிட்டார். ஜில்லென்று ஒரு வாய் குடித்தால் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும்போல் இருக்கும். ஆக்ஸாலிபிளாட்டின் நரம்புகளைத் தொடுவதால் வரும் விளைவு இது. ஜார்ஜ்டவுன் வெயிலில், பினாங்கு ரோடு செண்டோலுக்காக வரிசையில் நின்றே வளர்ந்த மனிதருக்கு ஐஸ் கூடாது. பேரங்காடியில் ஏர்கோன் காற்றுப் பட்டால் விரல் நுனியெல்லாம் ஊசி குத்தும். அம்மா ஃபிரிட்ஜ் கதவில் ஒரு ஜோடிக் கையுறையைத் தொங்கவிட்டார். மைலோ, சிராப், பச்சைத் தண்ணீர் எல்லாமே வெதுவெதுப்பாக.

இந்தக் குளிர்க் கூச்சம் சில நாளில் போய்விடும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. அடுத்த ஊசி வரும்வரை போகாமல் விரல்களிலும் பாதங்களிலும் தங்கிவிடும் மரத்துப்போதல். அது வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு முறையும் மிஸ்ஸி கேட்பார்: “கெபாஸ் அடா, அங்கிள்?” மரத்துப் போகிறதா என்று. அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்: “தாக் அடா. ஓகே, ஓகே.”

நான் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறேன். பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு பெர்ரி என்று முடிந்தபோதெல்லாம் வீட்டுக்குப் போவேன். போனில் தினமும் கேட்பேன். “எப்படிப்பா இருக்கு?” “ஒன்னும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன். உன் புரோகிராம் கேட்டேன்.”

பொங்கலன்று வீட்டு வாசலில் பானை பொங்கியது. துணியை எடுத்து வரும்வரை காத்திருக்காமல் அப்பா இரண்டு கையாலும் பானையின் விளிம்பைப் பிடித்து இறக்கி வைத்தார். நிதானமாக, அவசரமே இல்லாமல். அம்மா அலறினார். அப்பாவுக்கு ஏன் அலறுகிறார் என்று புரியவில்லை. விரல்களில் கொப்புளம் எழும்பிய பிறகுதான் கையைத் திருப்பிப் பார்த்தார்.

குழாயடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடுகிற தண்ணீரின் குளிர்ச்சி அவருக்கு முள்ளாகக் குத்தியது. நெருப்புச் சுட்டது மட்டும் தெரியவில்லை.

“எப்ப இருந்துப்பா இப்படி?”

“மூணாவது ஊசியில இருந்து.”

சட்டைப் பட்டனைப் போட முடியாமல் டீ சட்டைக்கு மாறியிருக்கிறார். நான் அதைப் புது ஸ்டைல் என்று கிண்டல் பண்ணியிருந்தேன். ஒரு முறை காலிலிருந்து செருப்புக் கழன்றது தெரியாமல் பெர்ரி முனையம் வரை நடந்திருக்கிறார்.

“ஏன்ப்பா சொல்லலை?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க. நிறுத்தினா அந்த அஞ்சு பேர்ல நான் இருக்க மாட்டேன்ல?”

நான் படித்துக் காட்டிய எண். நம்பிக்கை தரும் என்று நினைத்துச் சொன்னேன். அவர் அதைப் பெர்ரி டிக்கெட் மாதிரி வைத்திருந்தார். ஐந்து இடம்தான் இருக்கிறது, வலிக்கிறது என்று சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று.

அடுத்த வாரம் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம், இந்த ஐந்து பேர் கணக்கையும் சேர்த்து. அவர் அப்பாவைத் திட்டவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மருந்தின் அளவைக் குறைப்பதும், ஒரு மருந்தை முன்கூட்டியே நிறுத்துவதும் வைத்தியத்தின் பகுதிதான், தோல்வி இல்லை என்றார். பல நாடுகளில் நடந்த ஆறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 12,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளில் மூன்று மாதச் சிகிச்சையையும் ஆறு மாதச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்டார்கள். நோய் குறைவாகப் பரவியவர்கள் பலருக்கு, அப்பா எடுக்கும் இதே மருந்துக் கூட்டில், மூன்று மாதமே கிட்டத்தட்ட அதே பலனைக் கொடுத்தது. நரம்புப் பாதிப்போ மிகவும் குறைவு. அப்பாவைப்போல நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகளுக்குப் பரவியவர்களுக்கு ஆறு மாதத்தை விரும்புகிறார்கள். ஆனாலும் நரம்பு பாதிக்கப்பட்டால் ஆக்ஸாலிபிளாட்டினை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் தொடரலாம். அதைத்தான் செய்தார்கள்.

“மூணாவது ஊசியிலேயே சொல்லியிருந்தா அப்பவே அளவைக் குறைச்சிருக்கலாம், அங்கிள்” என்று மட்டும் கடைசியில் சொன்னார். இந்த மரத்துப்போதல் மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் கூடலாம். மெதுவாகக் குறையும். சிலருக்கு முழுசாகப் போகாது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேள்வி மாறியது. “வலிக்குதா?”, “எப்படி இருக்கு?” என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். அவற்றுக்கு ஒரே பதில்தான் வரும் என்று தெரியும். அம்மா ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கினார். காலையில், “இந்தச் சட்டைப் பட்டனைப் போட்டுக் காட்டுங்க” என்பார். எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுவார். எத்தனை முறை வயிற்றுப்போக்கு, உள்ளங்கை சிவந்திருக்கிறதா, பாதத்தில் தோல் உரிகிறதா, காய்ச்சல் எவ்வளவு, எல்லாம் நோட்டில். மருத்துவமனைக்குப் போனால் அப்பா பேசுவதற்கு முன் நோட்டு பேசும். கீமோ நாள்களில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பெனடோல் போட்டுக் காத்திருக்கக் கூடாது, நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருந்தது.

இதைப் படிப்பவர்களில் சிலர் வீட்டில் நோய் கல்லீரல் வரை போயிருக்கலாம். அது நான்காவது கட்டம். அங்கே கணக்கு வேறு, மருந்து வரிசை வேறு. கல்லீரலில் உள்ளதையும் வெட்டி எடுக்க முடிகிற நோயாளிகள் உண்டு; முடியாதவர்களுக்கு நோயைக் கட்டுக்குள் வைத்து நாள்களை நீட்டுவதே நோக்கம். எந்த நோக்கத்துக்காக இந்த மருந்து என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். நோயாளிக்குத் தெரிய வேண்டாம் என்று நாம் கதவுக்கு வெளியே குசுகுசுப்பதும் ஒரு டெட் ஏர்தான். உள்ளே படுத்திருப்பவருக்கு அது நன்றாகவே கேட்கும்.

தைப்பூசத்துக்கு அப்பா வருடா வருடம் ஒரு தண்ணீர்ப் பந்தலில் சிராப் கலக்குவார். இந்த வருடம் ஐஸ் தொட்டியின் பக்கமே போக முடியாது. பந்தலுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். காவடிகளுக்கும் உறுமி மேளத்துக்கும் நடுவில், “வாங்கய்யா, வாங்கம்மா, தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று நாளெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மாலையில் தொண்டை கட்டிவிட்டது. “வானொலிக்கு நான் வந்திருக்கணும்மா” என்றார்.

எட்டுச் சுற்றும் முடிந்துவிட்டது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை, ஒரு வருடத்தில் மறுபடி கொலோனோஸ்கோப்பி. குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் சொல்வதில்லை. முதல் சட்டைப் பட்டனுக்கு இன்னும் ஒரு நிமிடம் ஆகிறது.

இப்போது எங்கள் முறை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இந்த நோய் வந்திருந்தால் பிள்ளைகள் 40 வயதிலேயே கொலோனோஸ்கோப்பி செய்து பார்ப்பது நல்லது என்றார்கள். எனக்கு 36, தம்பிக்கு 33. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றாலும், 50 வயதைத் தாண்டியவர்கள் அரசு சுகாதாரக் கிளினிக்கில், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். ஒரு சின்ன டப்பா, அவ்வளவுதான்.

போன வாரம் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னடா என்றேன்.

“ஒன்னும் இல்லக்கா.”

அப்பா பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். “அந்தப் பேச்செல்லாம் இந்த வீட்டுல இனிமே கிடையாது. என்னன்னு சொல்லு” என்றார்.

முதல் நாள் இரவு மாமாக் கடையில் சாப்பிட்ட மீ கோரேங்தானாம். பரவாயில்லை, அதையும் அம்மா நோட்டில் எழுதிவிட்டார்.

அடுத்த ஞாயிறு சந்திப்போம்.